கிளுவை வேலியா, சர்வே கல்லா?

போன பொங்கலுக்குக் காங்கேயம் பக்கம் ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். பக்கத்துக் காட்டுக்காரர் சைட் போட்டு விற்கப் போகிறார். சர்வேயரை வைத்து அளந்ததில் நடுவில் இருக்கும் கிளுவை வேலி நாலடி அவர் நிலத்துக்குள் இருக்கிறதாம். "பாட்டன் காலத்து வேலி கண்ணு, அதுதான் எல்லை" என்கிறார் சித்தப்பா. அவரோ "கல்லுதானுங்க எல்லை" என்கிறார்.

ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலம், சுற்றிலும் கிளுவை வேலி. மாடு வெளியே போகாமல் இருக்க நட்ட வேலி அது. தலைமுறைகள் போகப் போக அதுவே எல்லையாகிவிட்டது.

கல் வந்தது வேறு காரணத்துக்கு. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக வரி போட அரசாங்கத்துக்கு அளவு தேவைப்பட்டது. 66 அடி, 100 கண்ணி கொண்ட சங்கிலியால் அளந்து, கல் நட்டு, கல்லுக்குக் கல் நேர்கோடு போட்டார்கள். வேலி வளையும், கோடு வளையாது. சண்டைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்து 13ஆம் பிரிவில் அறிவிப்பு வெளியானால் அந்த எல்லை சரி என்பதற்கு அதுவே முடிவான சான்று. ஆனால் 14ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது: பாதிக்கப்பட்டவர் மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை சர்வே முடிவு செய்யாது, அது கோர்ட் வேலை.

கோர்ட் முதலில் பார்ப்பது பத்திரத்தை. 1960களின் தொடக்கத்தில் பீகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 160 என்று இருக்க வேண்டிய மனை எண் 1060 என்று விழுந்திருந்தது. எங்கள் தொழிலில் இதை டைப்போ என்போம். பரப்பும் நான்கெல்லையும் சரியாக இருந்ததால் எண்ணைப் பிழை என்று ஒதுக்கிவிட்டது நீதிமன்றம். எண்ணும் அளவும் முரண்பட்டால், தெளிவான நான்கெல்லைக்குத்தான் பொதுவாக எடை அதிகம்.

சித்தப்பா பத்திரத்தில் கிழக்கெல்லை "வேலிக்கு மேற்கு" என்று இருக்கிறது. உடனே ஜெயித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. பக்கத்துக்காரர் பத்திரமும் பேசும். பத்திரம் கை கொடுக்காவிட்டால், 12 வருடத்துக்கு மேல் எதிரிடையாக, வெளிப்படையாக அனுபவித்ததாக வாதாடலாம். ஆனால் பழைய வேலி என்பது மட்டும் அதற்குப் போதாது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இப்படிப்பட்ட வழக்கில் கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பி, சர்வேயர் துணையோடு நிலத்தைப் பார்க்கச் சொல்லும். அதற்குள் ஜேசிபி வந்து வேலியைப் பிடுங்கிவிட்டால், பத்திரத்தில் இருக்கும் "வேலி" என்ற சொல்லுக்குக் காட்ட எதுவுமே இருக்காது. திருப்பூரைச் சுற்றிக் காடுகள் சைட் ஆகும் வேகத்தில் இது தினமும் நடக்கிற சங்கதி.

அதனால் சித்தப்பாவிடம் ரெண்டே விஷயம் சொன்னேன். தேதியோடு வேலியைப் போட்டோ எடுத்து வையுங்க. வக்கீலைப் பார்த்து, வேலியை யாரும் தொடாமல் இருக்க முதலில் தடை உத்தரவு கேளுங்க. நாலடி யாருக்கு என்பதை அப்புறம் பார்த்துக்கலாம்.