ஒரே நாளில் 14,840 பேர்

2020 பிப்ரவரி 13 அன்று சீனாவின் ஹூபே மாகாணம் வெளியிட்ட கணக்கு உலகையே திடுக்கிட வைத்தது. முந்தைய நாள் 1,638 ஆக இருந்த புதிய கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை 14,840 ஆகியிருந்தது. கிருமி ஒன்றும் ஓர் இரவில் ஒன்பது மடங்கு பரவிவிடவில்லை. எண்ணும் முறைதான் மாறியிருந்தது. அவர்களில் 13,332 பேர் ஆய்வகச் சான்று இல்லாமலே, அறிகுறிகளையும் நுரையீரல் சிடி ஸ்கேனையும் வைத்துப் பட்டியலில் ஏறியவர்கள்.

ஹூபே மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆர்டி-பிசிஆர் கிட்டுகள் போதவில்லை; முடிவு வர நாட்கள் பிடித்தன. கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் தொண்டையில் எடுத்த மாதிரியில் சிக்காமலும் போகலாம். சிடியோ சில நிமிட வேலை. இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் தேய்த்த கண்ணாடி போல மங்கல் தெரிந்தால் சந்தேகம் வலுத்துவிடும்.

ஆனால் படத்துக்கு ஒரு குறை உண்டு. வூஹானின் தோங்ஜி மருத்துவமனையில் 1,014 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பிசிஆரில் 'இல்லை' என்று வந்தவர்கள் 413 பேர். அவர்களில் 308 பேருக்கு சிடியில் கோளாறு தெரிந்தது. பிசிஆர் தவறவிட்ட கொரோனாவா, வேறு நோயா? இன்ஃப்ளூயன்சாவும் அடினோ வைரஸும்கூட அதேபோன்ற மங்கலை உண்டாக்கும். படத்தை மட்டும் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே காலத்திலேயே இந்த அனுபவம் கிடைத்திருந்தது. 1938இல் பிலடெல்பியாவில் ஹோபார்ட் ரைமன் என்ற மருத்துவர் வழக்கத்துக்கு மாறான ஒரு நிமோனியாவை விவரித்து, வைரஸே காரணமாக இருக்கலாம் என்றார். அத்தகைய நோயாளிகளின் சளியிலிருந்து 1944இல் மன்ரோ ஈட்டன் பிரித்த கிருமி நுண்வடிகட்டியையும் தாண்டிச் சென்றதால், அதையும் வைரஸ் என்றே நம்பினார்கள். 1962இல் சானக், ஹேஃப்ளிக், பேரில் ஆகிய ஆய்வாளர்கள் அதை உயிரணுக்களின் துணையின்றி வளர்த்துக் காட்டிய பிறகுதான் அது மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா என்பது உறுதியானது. ஆன்டிபயாடிக்கால் குணமாகும் நோய்! மார்பில் விழுந்த நிழல் இதைச் சொல்லவேயில்லை.

ஹூபேயின் விதியும் நீடிக்கவில்லை. சீனா ஒரே வாரத்தில் அதைக் கைவிட்டது. மார்ச்சில் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி, நோயைக் கண்டறியும் முதல் சோதனையாக சிடியைப் பயன்படுத்த வேண்டாம் என்றது.

நம் ஊரில் 2021 இரண்டாம் அலையின்போது "25க்கு எத்தனை?" என்று சிடி மதிப்பெண்ணைக் கேட்பது பரீட்சை மார்க் விசாரிப்பதுபோல ஆகிவிட்டது. அந்த எண் நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும். எந்தக் கிருமி என்பதைக் காட்டாது. கிருமியை உறுதிசெய்ய ஆய்வகம், மூச்சுத்திணறல் கூடினால் பாதிப்பை அளக்க ஸ்கேன்: இன்றைய நடைமுறை இதுதான்.