நிலைநிதியிலிருந்து ஆண்டுக் கணக்குக்கு: தமிழகப் பள்ளிகளும் வணிகர் கொடையும்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு குறித்த பேச்சு பெரும்பாலும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. தமிழகத்தில் வணிகர் பணம் பள்ளிக்கூடத்துக்கு வந்த வரலாறு அதைவிட 170 ஆண்டுகள் மூத்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட எந்த வடிவில் கொடுத்தார்கள் என்பதே அவ்வரலாற்றில் முக்கியம். முதலை ஒதுக்கிவைத்து அதன் வருவாயில் பள்ளி நடத்திய முறை பின்னுக்குப் போய், லாபத்தில் ஒரு பங்கைச் செலவிட்டுக் கணக்கு முடிக்கும் முறை முன்னுக்கு வந்திருக்கிறது. இம்மாற்றத்தில் பள்ளிகள் இழந்தது அதிகம் என்பதே என் வாதம்.

1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்தவர். அவருடைய உயில் பெரிதும் கோயில் கைங்கரியங்களையே குறித்தது. வாரிசு வழக்குகளில் சொத்து பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. பின்னர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியாலும், சென்னையில் அன்றிருந்த சுப்ரீம் கோர்ட்டின் ஒப்புதலாலும், கோயில் கட்டளைகள் போக எஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளி திறந்தது. 1889இல் அது கல்லூரியானது. கொடையாளர் பள்ளிக்கூடத்தை முதன்மையாக நினைத்தவர் அல்லர். ஆனால் முதல் கரையாமல் இருந்தது. அதனால்தான் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வந்த தலைமுறையால் அதைத் தன் காலத்தின் தேவைக்குத் திருப்ப முடிந்தது.

கோவையில் இதே முறை தொழில் யுகத்துக்கு ஏற்ப வடிவம் மாறியது. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கை அறத்துக்கு எழுதிவைத்தனர். அறமும் ஓர் உடன்பிறப்பாகவே கருதப்பட்டது. தொழிற்கல்விக்கென அவர்கள் தொடங்கிய நிலையத்திலேயே பம்பு, மோட்டார் உற்பத்தியும் நடந்தது. மாணவன் கற்ற பட்டறையே கல்விக்கு வருவாயும் தந்தது. அண்ணாமலைச் செட்டியாரின் சிதம்பரமும் அழகப்பச் செட்டியாரின் காரைக்குடியும் நன்கு அறியப்பட்டவை. அங்கு ஓங்கி வளர்ந்தது உயர்கல்வி. கிராமத்துத் தொடக்கப் பள்ளி இப்பெருங்கொடைகளின் பார்வைக்கு வெளியேதான் நின்றது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே காமராசர் ஆட்சியில் 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இதன் உயிர்நாடி. முதலில் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதினார்கள். கொடையாளரைத் தேடியது அதன் பிறகே. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், விளையாட்டுத் திடலுக்கு நிலம் என்று ஊர் மாநாடுகளில் கொடை குவிந்தது. மளிகைக் கடைக்காரரும் மிராசுதாரும் ஒரே பந்தலில் நின்றார்கள். இன்றைய எந்தத் திட்டத்தையும்விட இவ்வொழுங்கை நான் உயர்வாக மதிக்கிறேன். இங்கே தேவையைச் சொன்னது பள்ளிதான்.

முதலாளியைச் சட்டம் பள்ளியின் பக்கம் திருப்பியதும் 2013இல் புதிதாக நடந்ததன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்துதருமாறு மாநில அரசு விதி வகுக்க இடமிருந்தது. வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் இது பொருந்தியது. அச்சட்டம் முதலாளியைத் தன் தொழிலாளியின் பிள்ளைக்குக் கடமைப்படுத்தியது. இன்றைய விதிகளோ ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவைச் சமூகப் பொறுப்பாக ஏற்பதில்லை.

2013 சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் செலவிட வேண்டும். நாடெங்கும் இந்நிதியில் கல்வி பெரும்பங்கு பெற்றுவருகிறது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது சட்டம். ஆகவே ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு உள்ள வாய்ப்பு, ஆலையே இல்லாத கடைக்கோடி ஒன்றியத்துப் பள்ளிக்குக் கிடைப்பது அரிது.

2021 ஜனவரியில் வந்த திருத்தங்கள் இன்னும் ஆழமானவை. தொடர் திட்டம் எனப்படுவது, தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்றாண்டுக்கு மேல் நீளக்கூடாது. ஓர் அமைப்பின் நிலைநிதிக்குத் தரும் பணமும் இப்போது சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படுவதில்லை. பணத்தை முடக்கிவைக்கும் தந்திரத்தைத் தடுப்பதற்கு இது உதவும். அதே விதி பச்சையப்பர் வழியையும் அடைத்துவிடுகிறது. ஸ்மார்ட் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றைக் குறித்த காலத்தில் முடித்துப் படமெடுத்து அறிக்கையில் சேர்க்கலாம். ஆய்வக உதவியாளரின் ஊதியமோ, நூலகத்துக்கு ஆண்டுதோறும் வாங்க வேண்டிய புத்தகமோ அப்படி முடிந்துவிடும் செலவல்ல.

2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைமையில், நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அரசுப் பள்ளிகளோடு இணைக்க முயல்கிறது. பணம் ஒரு பொது மையத்தின் வழியே வருவதால், ஆலையில்லா வட்டாரங்களுக்கும் அது போய்ச்சேர வழியுண்டு. ஆனால் இது பயன்தர, 1958இல் செய்ததுபோல் தேவைப் பட்டியலை ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் முதலில் எழுத வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கான, தணிக்கைக்கு உட்பட்ட பொது நிலைநிதி ஒன்றுக்கேனும் இரண்டு விழுக்காட்டில் ஒரு பகுதியை அளிக்க ஒன்றிய அரசு விதியைத் திருத்த வேண்டும்.