தரையோடு சாயக் கற்ற முத்திரை

ஃபோட்டோஷாப் கடைக்கு வருமுன்பே அதைப் பலருக்கும் இயக்கிக் காட்டிய ஜான் நோல், அதற்காகக் கையோடு வைத்திருந்தது ஒரு கடற்கரைப் படம். பசிபிக்கில் உள்ள போரா போரா தீவில் அவரே எடுத்தது. பின்னாளில் அவருடைய மனைவியான பெண் மணலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே கடல், தூரத்தில் தீவு. அண்ணன் தாமஸ் நோல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய நிரலின் வித்தைகளைத் தம்பி இந்தப் படத்தை வைத்துத்தான் காட்டினார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, படத்தேர்வு கச்சிதம். மணல், நீர், வானம் மூன்றிலும் நேர்க்கோடு கிடையாது. எங்கிருந்து எதை எடுத்து எங்கே ஒட்டினாலும் கண் சண்டைக்கு வராது.

1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தபோதே அதில் ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்ற முத்திரைக் கருவி இருந்தது. ஓரிடத்தை மூலமாகக் குறித்துவிட்டு இன்னோர் இடத்தில் தூரிகையைத் தேய்த்தால், மூலத்தில் உள்ளது அப்படியே வந்து படியும். நெகட்டிவில் பென்சிலாலும் பிரிண்டில் மெல்லிய தூரிகையாலும் தழும்பையும் தூசியையும் மறைத்துவந்த ஸ்டுடியோ டச்சிங்காரர்களின் பொறுமை வேலை நிமிடங்களுக்குள் அடங்கியது. 2000-இல் வந்த ஆறாம் பதிப்பில் கருவியின் பெயர் குளோன் ஸ்டாம்ப் ஆனது. வேலை என்னவோ பழைய வேலைதான்.

சிக்கல் வீட்டுக்குள் நுழைந்ததும் தொடங்கும். டைல்ஸ் பதித்த நீளமான கூடம். கடைசி வரிசையில் யாரோ விட்டுப்போன செருப்பு. அதை அழிக்க வேண்டும். காமிராவுக்குப் பக்கத்தில் உள்ள டைல் படத்தில் 200 பிக்சல் அகலம் என்றால், செருப்புக் கிடக்கும் இடத்தில் 50 பிக்சல்கூட இருக்காது. முத்திரைக்கு இது தெரியாது. 200 பிக்சல் டைலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே போடும். இணைப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் தரை உடைந்ததுபோல் நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் நல்ல டைல்களை வெட்டித் தனி லேயரில் வைத்து, நான்கு மூலைகளையும் இழுத்து இழுத்துச் சாய்த்துப் பொருத்தினார்கள். ஒரு செருப்புக்கு அரை மணி நேரம்!

இத்தனைக்கும் இது ஓவியர்கள் எப்போதோ தீர்த்துவிட்ட கணக்கு. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435-இல் எழுதிய ஓவிய நூலில், சதுரக் கற்கள் பதித்த தரை தூரம் போகப்போக எப்படிக் குறுக வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லியிருந்தார். இணைகோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடும் அந்த முறையில் தேறிய சாதாரண ஓவியருக்குக்கூடத் தரை ஏமாற்றாது. கணினிக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? முத்திரையைப் பொறுத்தவரை படம் என்பது வெறும் தாள். அதில் ஓர் அறை இருப்பதாக அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒற்றை ஓவியத்தையோ புகைப்படத்தையோ கொண்டு, சிலந்திவலை போன்ற கோடுகளின் துணையால் அதற்குள் நடந்துபோவது போன்ற அசைபடத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 2001-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பியோங் மோக் ஓவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சாய்வுக்கும் தூரத்துக்கும் ஏற்பத் தானே வடிவத்தைத் திருத்திக்கொள்ளும் குளோன் தூரிகை ஒன்று இருந்தது.

கடைக்கு வந்தது 2005-இல். ஃபோட்டோஷாப் சி.எஸ்.2 பதிப்பில் சேர்ந்த ‘வானிஷிங் பாயின்ட்’ பயனரிடம் கேட்டது நான்கே புள்ளிகள். தரையில் நிஜமாகவே செவ்வகமாக உள்ள எதையாவது பார்த்து அதன் மூலைகளைச் சொடுக்கினால் வலை விரியும். நீலமாக விரிந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ வந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது, மூலைகளை நகர்த்த வேண்டும். அந்த நான்கு புள்ளிகளை வைத்து நிரல் தரையை மனக்கணக்காக நிமிர்த்திப் பார்த்துவிடுகிறது. அதன்பின் முத்திரையைத் தூரத்துக்குக் கொண்டுபோனால் டைல் தானாகச் சுருங்கும். பக்கத்தில் கொண்டுவந்தால் பெரிதாகும். வலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சுவருக்கும் ஒரு தளம் கிடைக்கும். சி.எஸ்.2-இல் அந்தச் சுவர் 90 டிகிரியில்தான் நிற்கும். சரிந்த கூரை, பாதி திறந்த கதவு என்று பிற கோணங்களுக்கு 2007-இல் சி.எஸ்.3 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பதிப்பில், மூலத்தைச் சுழற்றவும் பெரிதுசிறிதாக்கவும் ‘குளோன் சோர்ஸ்’ என்ற தனிப் பலகமும் வந்தது. கோணத்துக்கு அது போதும். ஆனால், எவ்வளவு சுழற்றினாலும் இணைகோடுகள் இணைகோடுகளாகவே இருக்கும் என்பதால் தரைக்கு உதவாது.

காசில்லாதவர்களையும் இது அதிக நாள் காக்க வைக்கவில்லை. இலவச மென்பொருளான கிம்ப், 2007-இல் வந்த 2.4 பதிப்பில் பெர்ஸ்பெக்டிவ் குளோன் என்ற கருவியைச் சேர்த்துக்கொண்டது.

இடையில் முத்திரைக்குக் கெட்ட பெயரும் வந்தது. 2006 ஆகஸ்டில் பெய்ரூட் குண்டுவீச்சைக் காட்டும் ராய்ட்டர்ஸ் படமொன்றில் ஒரே புகைச் சுருள் அடுத்தடுத்து வந்ததை வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் அந்தப் புகைப்படக்காரருடனான உறவை முறித்து, அவருடைய 920 படங்களை விற்பனையிலிருந்து விலக்கியது. நேர்க்கோடே இல்லாத புகையிலும் மனிதக் கண் மறுபதிப்பை மோப்பம் பிடித்துவிட்டது. கடற்கரைப் படம் தந்த துணிச்சல் எப்போதும் செல்லாது.

2010-இல் சி.எஸ்.5-உடன் வந்த ‘கன்டென்ட் அவேர் ஃபில்’, மூலத்தைத் தேடும் வேலையையும் நிரலிடமே கொடுத்தது. புல்வெளியில் அசத்திய அது டைல்ஸ் தரையில் பழையபடி வழுக்கியது. நிரப்புவதற்கான துண்டுகளைத் தேடும்போதே தளத்தின் சாய்வையும் கணக்கில் எடுக்கும் முறையை ஜியா-பின் ஹுவாங் குழுவினர் 2014-இல்தான் வெளியிட்டார்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவு, கேட்டால் தரையையே புதிதாக வரைந்து தருகிறது. ஆனால், விளம்பரத்துக்குப் போகும் கூடத்தில் அதே டைல், அதே பூவேலை, அதே அளவில் இருந்தாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கறாராகச் சொல்லும்போது, ஃபில்டர் மெனுவைத் திறந்து நான்கு மூலைகளைச் சொடுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.