ஒரு மெட்டு, ஐந்து பெயர்கள்

திங்கட்கிழமை காலை. புந்தோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் திடலில் மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் 'நெகாராக்கூ', அடுத்து பேராக் மாநிலப் பண். சொற்கள் வேறு, மெட்டு ஒன்றே. "ஒரே பாட்டை ஏன் இரண்டு முறை பாடுகிறோம்?" என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் என்ன பதில் சொல்வது?

பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

1875இல் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய அதிகாரி பெர்ச் கொல்லப்பட்டார். அதன் விளைவாகப் பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிரெஞ்சுப் பண்பாடு ஊறிய அந்தத் தீவில் 'லா ரோசாலி' என்ற மெட்டு பிரபலம். அரச குடும்பம் அதைக் காதில் ஏந்திவந்தது என்பது ஒரு வழக்கு.

இன்னொரு கதையும் உண்டு. சுல்தான் இட்ரிஸ் இங்கிலாந்து சென்றபோது, வரவேற்பில் இசைக்க மாநிலப் பண் கேட்டார்களாம். இல்லையென்றால் மானக்கேடு! உதவியாளர் சட்டென்று இந்த மெட்டை முனகிக் காட்டினாராம். எப்படியோ, 'அல்லா லஞ்சுத்கான் உசியா சுல்தான்' பேராக்கின் பண்ணானது.

அரண்மனையோடு மெட்டு நிற்கவில்லை. பங்சாவான் நாடக மேடையில் அது 'தெராங் புலான்' என்ற நிலாக் காதல் பாட்டு. 1937இல் இந்தோனேசியாவில் அதே பெயரில் திரைப்படமே வந்தது. 1947இல் லண்டனில் பெலிக்ஸ் மெண்டல்சன் குழுவினர் 'மமுலா மூன்' என்று ஹவாய் பாணியில் இசைத்தட்டு வெளியிட்டனர்.

சுதந்திரம் நெருங்கியது. தேசியப் பண்ணுக்கான போட்டிக்கு வந்தவை 514. ஒன்றும் தேறவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு 1957 ஆகஸ்டு 5ஆம் நாள் பேராக் மெட்டையே தேர்ந்தெடுத்தது. அன்று முதல் நிலாப் பாட்டு மேடையிறங்கியது; தேசியப் பண்ணின் மெட்டைக் காதலுக்குப் பாடுவது மரியாதையல்ல என்றானது. 2003இல் 'மலேசியாக்கூ' என்று பெயர் மாற்ற எழுந்த யோசனையை மக்கள் ஏற்கவில்லை.

கடன் வாங்கிய மெட்டு நாட்டுக்குப் பெருமையா என்று கேட்போர் உண்டு. அவர்கள் புந்தோங்கின் வேரைப் பார்க்கட்டும். இங்கே கச்சாங் பூத்தே தொழிலை வளர்த்த குடும்பங்கள் எட்டயபுரத்திலிருந்து வந்தவை. அதே எட்டயபுரத்தில்தான் 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பண்ணின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடியவர் அவர். அவருடைய தம்பி பாலுசுவாமி வெள்ளையரின் வயலினைக் கற்று, கர்நாடக இசைக்கே சொந்தமாக்கினார். இன்று அதை அந்நியக் கருவி என்று யாரும் ஒதுக்குவதில்லை.

மெட்டுக்குப் பிறந்த ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் பல. மனிதர்களுக்கும் அப்படித்தான். எட்டயபுரத்தார் பேரப்பிள்ளைகள் பேராக் மண்ணில் நின்று பாடும்போது, அந்த மெட்டு அவர்களுக்கும் சொந்தம். இரண்டு முறை பாடினால் என்ன? ஒன்று மாநிலத்துக்கு, மற்றொன்று நாட்டுக்கு.