செயல்வழிக் கற்றல் (தமிழ்நாடு)

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளில் நடைமுறைக்கு வந்த, அட்டைவழிக் கற்பித்தல் முறை. கணினியும் மின்சாரமும் இல்லாத பள்ளியிலும், ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைச் சேர்த்துக் கவனிக்கும் பள்ளியிலும் இதைக் கையாளலாம்.

தோற்றம்

ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம், சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக ஒரு கற்றல் அட்டைத் தொகுப்பை உருவாக்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறையைத் தொடங்கினார். 2007-08இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

வகுப்பறை

பாடங்கள் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, 'கற்றல் ஏணி' என்ற சுவர்ப்படத்தில் வரிசையாகக் காட்டப்படும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. குழந்தை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அதே சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து வரும். அட்டைக்கேற்ப ஆசிரியரிடமோ, சக மாணவரோடோ, தனியாகவோ அமரும். அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு முடிந்ததும் அடுத்த படிக்குச் செல்லும். பல நாள் பள்ளிக்கு வராத குழந்தையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்வர். சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருக்கும். வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் தலைக்கு மேலுள்ள கம்பிப் பந்தலில் தொங்கும். வருகையையும் அன்றைய வானிலையையும் குழந்தைகளே பதிவு செய்வர்.

குறைபாடுகள்

அட்டைகள் கிழிந்தாலோ தொலைந்தாலோ கற்றல் வரிசை அறுபடும். பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் எந்தப் படியில் இருக்கிறார் என்று கண்காணிப்பது ஆசிரியருக்குப் பெருஞ்சுமை. பாடநூல் பின்தள்ளப்பட்டதாகவும், வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பாடம் நடத்த இடமில்லை எனவும் விமர்சனம் எழுந்தது. கருவிகளின் தேவையைக் குறைத்தாலும், ஆசிரியரின் தேவையை இம்முறை குறைக்கவில்லை.

பின்னர்

விமர்சனங்களைத் தொடர்ந்து இது எளிமைப்படுத்தப்பட்டது. 2022இல் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதிலும் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர்.