காட்டுக்குப் போன எங்கள் மூத்தவாப்பாமார்

சென்னைப் பட்டினத்தில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர் கப்பல்கள் கரைக்கு வரமுடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சாமான்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை.

அந்தப் படகுகளுக்கு எங்கிருந்து மரம் போனது தெரியுமா? எங்கள் திருகோணமலைக் காட்டிலிருந்து. நாங்கள் சமண்டலை என்கிறோம். சிங்களச் சகோதரர்கள் ஹல்மில்ல என்கிறார்கள். வெள்ளைக்காரர் அதற்கு வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'தான். 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலில் இந்த மரமும் மசூலா படகும் வருகின்றன. முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். ஆனால் சமண்டலையைத் தறித்துக் கரைக்குக் கொண்டு வந்தவரின் பெயர் அதில் இல்லை.

கிழக்கு முஸ்லிம்களின் தொழில் என்றால் வயல், கடல், வியாபாரம் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மூதூர், கிண்ணியா, ஏறாவூர், பொத்துவில் பக்கம் போய்க் கேட்டால் நாலாவதாக ஒன்று வரும்: காட்டுத் தொழில். மரம் தறித்தல், விறகு வெட்டுதல், கரி சுடுதல், தேன் எடுத்தல். நாலைந்து கரத்தை சேர்ந்துதான் புறப்படும். அரிசியும் கருவாடும் தேங்காயும் கட்டிக்கொண்டு போய், தண்ணீர் உள்ள இடத்தில் வாடி போட்டுத் தங்குவார்கள். தனியாகப் போவது வழக்கமில்லை.

அது படிப்பறிவில்லாதவர் செய்யும் முரட்டு வேலை என்று நினைப்பவர்கள், ஒரு மரத்தை எப்படி விழுத்துவது என்று ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் மரத்தைச் சுற்றி வந்து தலையைப் பார்க்க வேண்டும். கொப்புகளின் பாரம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், கொடி எந்த மரத்தோடு பின்னியிருக்கிறது? கொடியை அறுக்காமல் தறித்தால், விழும் மரம் பக்கத்து மரத்தின் பட்ட கொப்பையும் இழுத்து வந்து ஆளின் தலையில் போடும். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆழமாகக் கொத்த வேண்டும். பிறகுதான் எதிர்ப்பக்கம், சற்று உயரத்தில். ஓடித் தப்பும் வழியையும் முன்கூட்டியே துப்புரவாக்கி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு குணம். கருங்காலி வெளியே வெளிறி இருக்கும், வைரம் மட்டும்தான் கறுப்பு. வெளிறிய பகுதியைக் காட்டிலேயே செதுக்கி எறிந்துவிட்டால் பாரம் குறையும். முதிரைத் தூள் பட்டால் சிலருக்கு உடம்பு தடிக்கும். பாலை இரும்பு மாதிரி, தண்ணீரில் போட்டால் தாழும். பாலைப்பழக் காலத்தில் கரடிக்குப் பயந்து நடக்க வேண்டும். தேய்பிறையில் தறித்த மரம் உளுக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது.

இந்த மனிதர் எப்போது 'மரக்கள்ளன்' ஆனார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்காத காடு, தரிசு நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. 1887இல் வனத் திணைக்களம் வந்தது. அதன் பிறகு அதே ஆள், அதே கோடாலி, அதே மரம். குத்தகைக்காரருக்குக் கீழே பெர்மிட்டோடு தறித்தால் கூலியாள், தன் வீட்டு வளைக்குத் தறித்தால் குற்றவாளி.

1927இல் திருகோணமலைக்கும் 1928இல் மட்டக்களப்புக்கும் ரயில் வந்தது. தண்டவாளத்தின் கீழே போடும் சிலிப்பர் கட்டைக்குப் பேர்போனது பாலை. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது காடழிக்க இயந்திரங்கள் இறங்கின. 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் உருவானது. 1956இல் நாட்டின் 44 வீதம் காடாக இருந்தது. 2010இல் அது 30 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த இழப்பு முழுவதையும் கரத்தைக்காரரின் தலையில் கட்டுவது நியாயமா? களவாகத் தறித்தவர்கள் எம்மவரிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்பதென்றால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

யுத்தம் வந்ததும் காட்டுப் பாதை மூடியது. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடுவில் விறகுக்குப் போன சிலர் திரும்பி வரவேயில்லை. கோடாலியை வைத்துவிட்டு வெளிநாடு போனவர்களும் உண்டு. அத்தோடு மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமும் நின்றது.

பாடசாலை அனுமதிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்துக் கையொப்பமும் வைக்கிறோம். இருபது முப்பது மரங்களைப் பட்டையைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடியவருக்கும் அந்த ஒரு சொல்தான். அவருடைய பிள்ளை அதைச் சொல்லக் கூச்சப்படுகிறது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்போம். காட்டுக்குப் போன ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து மரங்களின் பெயர், வாடி போட்ட இடங்களின் பெயர், கூடப் போனவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வரட்டும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் பிந்த வேண்டாம். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.