மண்கரையும் மக்கள் கடமையும்

தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலமே இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதியாகும். பருவமழையில் மட்டும் பெருகும் ஓடைகளின் குறுக்கே மண்ணால் கரை எழுப்பி, நீரைத் தேக்கி உழுது வாழ்ந்த பகுதி இது. ஆதலின் இதன் வரலாற்றைக் கோட்டைகளில் தேடுவதைவிட ஏரிக்கரைகளில் தேடுவதே பொருந்தும் எனலாம்.

அக்கரைகளுள் தலையாயது முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே அமைத்த சோழகங்கம். இன்று பொன்னேரி என வழங்குவது. கங்கை வெற்றியின் நினைவாக நீரினாலேயே நாட்டிய தூண் இது என்னும் கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. இதன் கரை சுமார் 16 மைல் நீண்டிருந்ததாகவும், உள்வாய் காடாகிக் கிடந்ததாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று கூறுகிறது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை எழுந்தபோது, அத்தலைநகரின் கோயில் மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. கல்லை அழிக்க ஆள் வேண்டியிருந்தது. மண்கரை அழியவோ, பேணுவார் இல்லாமை ஒன்றே போதும்.

இதற்குக் காரணம் மண்ணின் இயல்பு. கலிங்கு அடைபட்டு நீர் கரையின் மேல் வழிந்தால், அரிப்பு சில நாழிகைகளில் உடைப்பாக விரியும். எலி வளையும் மரவேரும் கரையினுள்ளே நீருக்கு வழி திறக்கும். ஆண்டுதோறும் வண்டல் படிந்து கொள்ளளவு குறையும். ஆகவே கரை கட்டியவன் புகழ் ஒரு தலைமுறைக்கு உரியதென்றால், அதைக் காக்கும் கடமை எல்லாத் தலைமுறைக்கும் உரியதாகும்.

உடையார்பாளையம், அரியலூர் ஆகிய பாளையங்கள் ஜமீன்களாக மாறிய காலத்தில் இக்கடமை சிக்கலாயிற்று. ஏரி ஜமீனின் உடைமை. அதன் நீரை நம்பிய பயிரோ குடிகளுடையது. குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. ஜமீன் நிலங்களில் ஏரிப் பழுதைச் சீர்செய்விக்கக் குடிகள் கலெக்டரிடம் முறையிட 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இறுதியில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களின் ஏரிகள் அரசுடைமையாயின.

உடைமை மாறியதால் அநீதி ஒன்று நீங்கியது. ஆயினும் கரையைக் காக்கும் வினா நீங்கவில்லை. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரியவை பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. கரை அரசினுடையது என்றான பின், மண்வெட்டி எடுக்கும் கை ஊரிலிருந்து அகன்றது. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியமை இவ்விழப்பை ஒப்புக்கொண்டதற்கு ஒப்பாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. பாசனத்துக்கென மண்ணால் தேக்கிய நீர், தொலைநாட்டுப் பறவைகளுக்கும் இன்று தங்குமிடமாகிறது. ஆனால் அறிவிப்பு கரையைக் காப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் கலிங்கைத் துப்புரவு செய்யும் கைகளே காக்கின்றன. மன்னனும் ஜமீனும் மறைந்த பின் அக்கைகள் யாருடையவை என்பதே இம்மண் நம்முன் வைக்கும் வினாவாகும்.